பன்னிரண்டு படங்களின் கைகள்

மனைவியின் அக்காவுக்கு இருநூறு சொல்லில் ஒரு குறிப்பு தேவைப்பட்டது. ஓவியர் சங்கத்தில் முழு உறுப்பினராக விண்ணப்பிப்பவர்கள் தங்கள் கலைப் பின்னணியை எழுதித் தர வேண்டும். மூன்று புதிய படங்களைக் காட்ட வேண்டும். அது போதாதென்று தேர்வுக்குழுவின் முன்னால் ஒரு ஆளை உட்காரவைத்து இரண்டு மணி நேரத்தில் வரைந்தும் காட்ட வேண்டும். முழு உறுப்பினரானால்தான் சங்கத்தின் கூடத்தில் தனிக் கண்காட்சி வைக்க விடுவார்கள். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. தனிக் கண்காட்சி வைக்காமல் ஐம்பதைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

“நீங்கதான் எழுதித் தரணும் மாப்பிள்ளை. எழுத்துலதானே உங்க பொழப்பு.”

மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றோடு பெட்டிக்குள் வரும், யாரும் பிரித்துப் பார்க்காத கையேடுகளை எழுதுவது என் பிழைப்பு. அதைச் சொன்னேன்.

“பரவால்ல. சும்மாதானே இருக்கீங்க.”

சும்மாதான் இருந்தேன். மனைவி இறந்து எட்டு மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஒன்பதாம் நாள் நான் மட்டும் திரும்பினேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். அக்கா ஒருத்திதான் ஆறுதல் சொல்லாமல் வேலை சொன்னாள்.

சனிக்கிழமை போனேன். சகலை கதவைத் திறந்தார்.

“பாத்து வாங்க. இடது பக்கம் பானை, வலது பக்கம் நூலு. நடுவுல வந்தா என் செருப்பு, அத மிதிக்கலாம்.”

அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த இடம் ஏறக்குறைய செருப்பளவுதான். மற்றதெல்லாம் கலை.

அக்காவின் கலை வாழ்க்கை மெழுகுவர்த்தியில் ஆரம்பித்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிது. முதல் மெழுகுவர்த்தியை எங்கள் வீட்டில்தான் ஏற்றினோம். ஐந்து நிமிடம் எரிந்தது, அப்புறம் மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. ‘ஓய்வுபெற்றவர்’ என்று அதற்குப் பெயர் வைத்தேன். அடுத்தது சோப்பு. கையில் ஒட்டிய அந்த சோப்பைக் கழுவ இன்னொரு சோப்பு வேண்டியிருந்தது. அதன் பெயர் ‘நிரந்தர உறவு’. சுட்ட மண்ணில் கனமான கம்மல் செய்தாள். மனைவி அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய், தோளுக்கும் காதுக்கும் நடுவே கழுத்து இல்லாதவள் மாதிரி திரும்பி வந்தாள். பிறகு எனக்கொரு ஸ்வெட்டர். ஒரு கை சரியாக இருந்தது. மறு கை முழங்கால்வரை வந்தது. புத்தகம் கட்டுவதற்கும் ஒரு வகுப்புக்குப் போனாள். அவள் கட்டிய நோட்டுப் புத்தகம் திறக்காது. மீறித் திறந்துவிட்டால் மூடாது.

ஒவ்வொரு கலையும் செத்ததும் அதன் மிச்சம் எங்கள் வீட்டுக்குப் பரிசாக வரும். நான் ஒரு பெயர் வைப்பேன். மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். எங்கள் கல்யாணத்தில் நான் நன்றாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பேஸ்டலுக்கு வந்தாள். நிறப்பொடியை அழுத்திக் குச்சியாக்கி விற்கிறார்கள். தூரிகை கிடையாது, தண்ணீர் கிடையாது. கரகரப்பான தாளில் குச்சியால் இழுத்து விரலால் தேய்க்க வேண்டியதுதான். இரண்டு மாதத்தில் இதன் மிச்சமும் வந்துவிடும் என்று ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து வைத்தேன். வரவில்லை. அவள் வரைந்த முகங்கள் முகங்களாக இருந்தன. ‘ஊசி கோர்ப்பவள்’ என்ற படத்துக்கு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. பெயர் வைக்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

“எழுதுங்க,” என்றாள் அக்கா. “சிறு வயது முதலே கலையின்பால் ஈர்க்கப்பட்டு...”

“எந்த வயசுக்கா?”

“அஞ்சு.”

“மெழுகுவர்த்தி பண்ணப்ப முப்பத்தேழு.”

“அது கை பண்ணது. நான் சொல்றது மனசு.”

எழுதினேன். அக்கா மேலே சொன்னாள்.

“மெழுகு உருகுவதிலிருந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதைக் கற்றார். மண்ணிலிருந்து வடிவம். நூலிலிருந்து ஒழுங்கு.”

“ஸ்வெட்டர்லேர்ந்தா?”

“எழுதுங்க மாப்பிள்ளை.”

“சோப்புலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்க?”

“பொறுமை.”

“அது நான் கத்துக்கிட்டது,” என்றார் சகலை உள்ளேயிருந்து.

சங்கத்துக்குக் கொண்டுபோகும் மூன்று புதிய படங்களைப் பார்க்க எழுந்தேன். குறிப்பில் அவற்றைப் பற்றி இரண்டு வரி வேண்டுமாம். முதல் படத்தில் ஒருவர் கோட்டுப் பையில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு நின்றார். இரண்டாவதில் ஒரு பெண் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை நுரை.

“மூணு பேருக்கும் கை எங்கக்கா?”

“அது ஒரு கட்டம்.”

“என்ன கட்டம்?”

“கலைஞர்களுக்குக் கட்டம் வரும். உங்களுக்குப் புரியாது.”

சுவரில் பழைய படங்கள் பன்னிரண்டு இருந்தன. அந்தக் கட்டத்துக்கு முந்தையவை. அவற்றில் எல்லோருக்கும் கை இருந்தது. இருந்தது மட்டுமல்ல, முகத்தைவிடக் கை நன்றாக இருந்தது. பரிசு வாங்கிய படத்தின் பக்கத்தில் போய் நின்றேன். எழுபது வயதுக் கிழவி ஊசியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். நாக்கில் நனைத்துக் கூராக்கிய நூல் நுனியைப் பிடித்த இரண்டு விரல். மற்ற விரல்கள் காற்றில். இடது கைச் சுண்டுவிரலின் மேல் கணு உள்பக்கமாக மடங்கி, பக்கத்து விரலைச் சுரண்டப் போவதுபோல இருந்தது.

கல்லூரியில் படிக்கும்போது பஸ் கதவில் நசுங்கி என் இடது சுண்டுவிரல் எலும்பு அப்படி வளைந்துதான் ஒட்டியது.

கையைத் தூக்கிப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்த படத்தில் தையற்காரர் துணியை அழுத்திப் பிடித்திருந்தார். அதே விரல். கோப்பையைப் பிடித்திருந்த குழந்தைக்கும் அதே விரல். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் என் விரலோடு இருந்தார்கள்.

“அக்கா, இது என் விரலு.”

அவள் பேஸ்டல் குச்சிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“அக்கா.”

“கைய மட்டும் சின்னவ போட்டா,” என்றாள். “எனக்கு முகம் வரும். அவளுக்குக் கை வரும். அதுக்கென்ன இப்ப?”

சின்னவள் என்றால் என் மனைவி. அவளுக்கு வியாழக்கிழமை அரைநாள்தான் வேலை. மதியம் அக்கா வீட்டுக்குப் போவாள். எதற்கு என்று கேட்டால் “ஒத்தாசைக்கு” என்பாள். பாத்திரம் கழுவித் தருகிறாள் என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தேன், வியாழக்கிழமைதோறும் சொல்வேன்.

குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். ‘இப்படங்களில் உள்ள கைகளை வரைந்தவர் இவருடைய தங்கை.’

அக்கா படித்துவிட்டு அந்த வரியை அடித்தாள்.

“இது என் கலைப் பின்னணி.”

“கை அவளோடது.”

“சமையல் பண்ணவ ஒருத்தி, உப்பு போட்டவ ஒருத்தின்னு யாராவது பேரு எழுதுவாங்களா?”

“உப்பு இல்லாததத்தான் எட்டு மாசமா வரைஞ்சிட்டு இருக்கீங்க.”

சகலை உள்ளே எதையோ கீழே போட்டார்.

மூன்று தடவை திருத்தி அனுப்பினேன். மூன்று தடவையும் அந்த வரியைச் சேர்த்தேன், மூன்று தடவையும் அடித்தாள். கடைசியாக ஒரு சமரசம் சொன்னாள். ‘குடும்பத்தாரின் ஒத்துழைப்புடன்’ என்று போட்டுக்கொள்ளலாமாம். அப்படிப் பார்த்தால் ஓவிய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறிய சகலையும் ஓவியர்தான். எனக்கு அந்த ஒரு வரி வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. வீட்டில் மனைவியின் துணியைக் கொடுத்தாயிற்று. வங்கியில், அவள் வேலை செய்த இடத்தில், எல்லாவற்றிலும் பெயரை அடித்தாயிற்று. எல்லாப் படிவத்திலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எங்காவது ஒரு இடத்தில் சேர்க்கலாம் என்று பட்டது.

அக்கா தானே ஒரு பிரதி தயார் செய்துகொண்டாள். அதில் நானும் இல்லை, உப்பும் இல்லை. பிறகு போன் செய்தாள்.

“புதன்கிழமை சங்கத்துக்கு வரணும். உக்கார ஆள் வேணும்.”

“நானா?”

“அசையாம உக்கார உங்கள விட்டா யாரு இருக்கா? எட்டு மாசமா அதத்தானே பண்றீங்க. பாக்கெட் வெச்ச பேன்ட்டு போட்டு வாங்க.”

போனேன்.

சங்கம் ஒரு குளியலறைச் சாமான் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போது இரண்டு பக்கமும் குழாய்கள் தொங்கின. மேலே தேர்வுக்குழுவில் மூன்று பேர். தலைவருக்குத் தாடி இருந்தது, அவருடைய படங்களைவிட அதில் அதிக வேலைப்பாடு. இன்னொருவர் நீர்வண்ணத்தில் பூ வரைகிற ஒரு அம்மா. மூன்றாமவர் செயலாளர், கையில் கோப்பு. பின்னணிக்குச் சான்றாக அக்கா கொண்டுவந்த பரிசுப் படம் பலகையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“நாங்க படத்தப் பாக்கறதில்லம்மா,” என்றார் தலைவர். “பார்வையப் பாக்கறோம்.” சொல்லிவிட்டு போனைப் பார்த்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா காதருகே குனிந்து, “கை உள்ளயே இருக்கட்டும்,” என்றாள். இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். உட்கார்ந்தபடி பாக்கெட்டில் கை விடுவது சுலபமில்லை. எதையோ திருடி மறைக்கிறவன் மாதிரி இருந்திருப்பேன்.

அக்கா கெட்டிக்காரிதான். முதலில் அடர்ந்த நிறங்களைப் போட்டு முகத்தின் நிழலைப் பிடித்தாள். அதன்மேல் வெளிச்சத்தை ஏற்றினாள். ஒருமணி நேரத்தில் தாளில் நான் இருந்தேன். எழுந்துபோய்ப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். யாரோ செய்தி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி இருந்தது. சரியாகத்தான் வரைந்திருந்தாள்.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவள் தலைக்குமேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

“ஆங், இப்பதான் நல்லா இருக்கு,” என்றார் பூ வரைகிற அம்மா. “கையும் வரட்டும். உங்க பலமே அதுதானே.”

அக்கா கையை ஆரம்பித்தாள். முகத்துக்கு அவள் விரல்கள் போன வேகம் போய்விட்டது. வரைந்தாள், காய்ந்த தூரிகையால் பொடியைத் தட்டி உதிர்த்தாள், திரும்ப வரைந்தாள். மடியெல்லாம் பொடி. பேஸ்டல் தாளுக்கு ஒரு அளவு உண்டு. அதன் கரகரப்பில் எவ்வளவு பொடி தங்குமோ அவ்வளவுதான் தங்கும். நிரம்பிவிட்டால் அப்புறம் எதைத் தேய்த்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாம் தடவை தாள் நிரம்பிவிட்டது. குச்சி தாளில் கீச்சென்று சத்தம் போட்டது, நிறம் ஒட்டவில்லை.

நேரம் முடிந்தது. மூவரும் சுற்றி நின்றார்கள். படத்தில் என் முழங்கால்கள்மேல் அடுப்பிலிருந்து எதையோ இறக்க மாட்டிக்கொள்ளும் துணியுறை மாதிரி இரண்டு கிடந்தன. ஒன்றில் விரல்கள் நான்கு. மற்றதில் எண்ண முடியவில்லை.

பூ வரைகிற அம்மா பரிசுப் படத்தைப் பார்த்தார். திரும்ப இதைப் பார்த்தார்.

தலைவர் தாடியைத் தடவினார்.

“புரியுது,” என்றார். “புரியுதும்மா. வேணும்னேதான் பண்ணியிருக்கீங்க.”

“சார்?”

“முகத்த முழுசாக் குடுத்துட்டு கைய மறுக்கறீங்க. செயலற்ற மனுஷன். இந்தக் காலத்து மனுஷன். பழைய படத்துல அவ்வளவு நுணுக்கமா வரைஞ்ச அதே கை, இங்க அத உடைக்குது. பெரிய துணிச்சல்மா.”

செயலாளர் கோப்பில் ‘துணிச்சல்’ என்று எழுதினார்.

முழு உறுப்பினர் பதவி அங்கே, அவள் மூக்குக்கு முன்னால் நின்றது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தனிக் கண்காட்சி, கூடம், வாசலில் பெயர்ப் பலகை. அவள் தலையாட்டுவாள் என்றுதான் நினைத்தேன். சோப்பிலிருந்து பொறுமை கற்றவள்.

“இல்ல சார்,” என்றாள் அக்கா. “எனக்குக் கை வராது.”

“என்னம்மா?”

“துணிச்சல் எல்லாம் இல்ல. வராது, அவ்வளவுதான். அந்தப் படத்துல இருக்கற கை என் தங்கச்சி போட்டது. பழைய படம் எல்லாத்துலயும் அவதான்.”

என் பக்கம் கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். தான் கொண்டுவந்திருந்த குறிப்பை செயலாளரின் கோப்பிலிருந்து உருவி, ஓரத்தில் எழுதினாள். அவள் ஒவ்வொரு தடவையும் அடித்த வரி. மனப்பாடமாக வைத்திருந்தாள். விரலின் நீலம் தாளில் அப்பியது.

செயலாளர்தான் முதலில் சமாளித்தார். அவர் நல்ல மனிதர்.

“தப்பில்லம்மா, தப்பில்ல. அவங்களயும் அழைச்சிட்டு வாங்க. இதோ, அவங்களுக்கும் ஒரு படிவம். கூட்டு விண்ணப்பமா எடுத்துக்க முடியுமான்னு பாக்கலாம்.”

அக்கா படிவத்தை வாங்கவில்லை. “அவ வரமாட்டா.”

“விருப்பம் இல்லையா?”

“இறந்துட்டாங்க சார்,” என்றேன். “எட்டு மாசம் ஆச்சு.”

“ஓ.” அவர் கை நீண்டபடியே இருந்தது. பிறகு படிவத்தைப் பார்த்தார். “அப்ப இது தேவைப்படாது,” என்று கோப்பிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

எங்களை வெளியே உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார்கள். தலைவருடைய குரல்தான் அதிகம் கேட்டது. அவர் கண்டுபிடித்த அர்த்தத்தை அவள் உண்மையைச் சொல்லிக் கெடுத்ததில் அவருக்குக் கோபம். முடிவைச் செயலாளர் சொன்னார். முழு உறுப்பினராக இப்போது முடியாது. ஆனால் குறிப்பில் மெழுகு, மண், நூல் எல்லாம் இருப்பதால் கைவினைப் பிரிவில் துணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை மேசை ஒன்று தருவார்கள்.

“சோப்பு வெக்கலாமா?” என்று அக்கா கேட்டாள்.

“தாராளமா.”

இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். படம் சுருட்டியபடி என் கையில் இருந்தது. பேஸ்டல் படத்தைச் சுருட்டக் கூடாது. அவள்தான் சுருட்டினாள்.

“இப்ப திருப்தியா மாப்பிள்ளை?”

“அவ ஒரு இடத்துலயாவது இருக்கணும்னு நெனச்சேன்.”

“அவ கேட்டாளா?”

சுருட்டிய படத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“நான் கேட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் கேட்டேன். உன் பேரையும் போடறேன்டி, மூலையில சின்னதா போடறேன்னு. வேண்டவே வேண்டாம்னா. ஏன்னு தெரியுமா?”

“ஏன்?”

“உன் வாய்க்கு பயந்துதான்.”

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என்னை ‘நீ’ என்றாள்.

“மெழுகுவர்த்திக்கு ஒரு பேரு வெச்ச. சோப்புக்கு ஒரு பேரு வெச்ச. எல்லாத்தையும் என்கிட்ட வந்து சொல்லுவா. ஓய்வுபெற்றவரு. எனக்கே சிரிப்பு வந்துச்சு, அது வேற விஷயம். ஆனா கைய நான்தான் போடறேன்னு அவர்கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு பேரு வெப்பாருக்கா, அப்புறம் எனக்குக் கை ஓடாதுன்னா.”

“வெச்சிருக்க மாட்டேன்.”

“வெச்சிருப்ப.”

வைத்திருப்பேன். அங்கே நிற்கும்போதே இரண்டு பெயர்கள் தோன்றின. இரண்டும் நன்றாக இருந்தன.

ஒரு பஸ் வந்தது, வேறு ஊர்ப் பலகையோடு. போனது. அக்கா கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“வியாழக்கிழமை அவ்வளவு நேரம் என்ன பேசுவீங்க?” என்றேன்.

“உன்னப் பத்திதான்.”

“என்னப் பத்தியா?”

“பின்ன? நீ என்னக் கிண்டல் பண்ணுவ. அவ உன்னப் பண்ணுவா. நடிச்சே காட்டுவா. சில நாள் ஒரு கோடுகூடப் போட மாட்டோம்.”

“எனக்குத் தெரியாது.”

“உனக்குத் தெரியணும்னா பண்ணா?”

“என்ன நடிப்பா?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப?”

“காட்டுங்கக்கா.”

சுற்றிலும் பார்த்தாள். நிறுத்தத்தில் மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் போனில் இருந்தார்கள். பையைக் கீழே வைத்தாள். இடது கையால் இல்லாத ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் யாரோ பரிமாற வருகிறார்கள். வலது கையைக் குடை மாதிரி தட்டின்மேல் விரித்தாள். “போதும், போதும், போதும்,” என்றாள் என் குரலில். ஒவ்வொரு ‘போதும்’முக்கும் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றன. மூன்றாவது ‘போதும்’மில் ஒரு கரண்டி தாராளமாக உள்ளே போகுமளவு இடம் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் ஓரமாகப் பாத்திரத்தின் பக்கம் ஓட்டினாள்.

அது நான்தான். யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஆனால் கடைசியில் உதட்டை அழுத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அந்தச் சாய்வு என்னுடையதல்ல. அக்காவுடையதும் அல்ல.

பஸ் வந்து நின்றது. அக்கா பையை எடுத்தாள்.

“நம்ம பஸ்ஸுதான் இது.”

“தெரியும்,” என்றேன். “அடுத்தது காட்டுங்க.”